விழுந்தது என்று நான் சொன்ன கத்தி

மகனே, உன் கலியாணப் புத்தகத்தில் அச்சிடுவதற்காக நீ எழுதிய இரண்டு பக்கங்களையும் பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். கண்ணாடி போட்டும் எனக்குத் தெளியவில்லை, அவளையே வாசிக்கச் சொன்னேன். உன் அம்மாவைப் பற்றி எழுதியதைக் கேட்டு அழுதேன். அதற்குக் கீழே என்னைப் பற்றி எழுதியிருந்தாய்: "என் அப்பா கடலுக்கும் துவக்குக்கும் அஞ்சாதவர். பொம்மர் வந்த நாளில் பங்கருக்குள் நின்று என்னை ஏந்திய கைகள் அவருடையவை." அந்தப் பிள்ளை வாசித்து முடித்துவிட்டு என்னைப் பெருமையோடு பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். அந்த வரிகளை எடுத்துவிடு, ராசா. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. அது உண்மை இல்லை. ஏன் உண்மை இல்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விசா கிடைத்திருந்தால் நேரில் வந்து, கலியாணத்துக்கு முதல்நாள் உன்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருப்பேன். அல்லது அங்கே வந்தும் சொல்லாமல் விட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். தாளில் எழுதினால் பாதியில் எழுந்து போக முடியாது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் பங்கர், முற்றத்தில் வெட்டியிருந்த அந்தப் பதுங்குகுழி. தொண்ணூறாம் ஆண்டு, உனக்கு ஐந்து வயது. குண்டு போட வந்த பொம்மர் இரண்டாவது தடவை சுற்றி வந்தபோது நீ முற்றத்தில் நின்றாய், அம்மா கிணற்றடியில் நின்றாள், நான் வாசலில். உன்னைத் தூக்க எனக்கு நாலு எட்டு வைத்தால் போதும். நான் அந்த நாலு எட்டையும் மற்றப் பக்கம் வைத்தேன். பங்கருக்குள் முதலில் குதித்தது நான். கிணற்றடியில் இருந்து ஓடிவந்து உன்னைத் தூக்கி மேலே இருந்து நீட்டியவள் உன் அம்மா. கீழே நின்றதால் நான் ஏந்தினேன், அவ்வளவுதான். நீ கண்டது என் கைகளை மட்டும். ஒரு பிள்ளைக்குக் கைகள் போதும், அதனால் இத்தனை வருடமும் அப்படியே வைத்திருக்கிறாய். நானும் திருத்தவில்லை. நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அம்மா என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பாள்.

அது சின்ன விசயம். பயந்த மனிதன் ஓடுவான், அதில் பெரிய பாவம் இல்லை. நான் சொல்லவேண்டியது அதற்கு ஐந்து வருடம் முந்தியது, நீ அம்மாவின் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது நடந்தது. கலியாணத்தன்று என் இடத்தில் உன்னோடு கோயிலுக்குள் நடந்து வரப்போகிற உன் சூசை மாமாவைப் பற்றியது.

என்னிடம் ஒரு வில்லுக்கத்தி இருந்தது. மடக்கிச் சாரத்து மடியில் வைக்கிற கத்தி. எங்கள் நிச்சயத்தின்போது உன் அம்மா எனக்குத் தந்தது. அவளுடைய சித்தப்பா ஒருவர் கப்பலில் வேலை செய்தவர், எந்தத் துறைமுகத்திலோ வாங்கி வந்ததாம். பிடி மஞ்சள் எலும்பு, அலகு என் நடுவிரல் நீளம். நான் அதனால் வலை முடிச்சை அறுப்பேன், பனங்கிழங்குக்கு நாரெடுப்பேன், மாங்காய் வெட்டுவேன், நகம் வெட்டுவேன். சும்மா இருக்கும்போதும் திறந்து திறந்து மூடுவேன். அந்தச் சத்தம் அம்மாவுக்கு எரிச்சல் தரும், ஆனால் கத்தி வீட்டில் இருக்கிறது என்று தெரிந்தால் நானும் வீட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம் என்பாள். கடலில் தொழில் செய்கிறவனிடம் பத்துக் கத்தி இருக்கும். ஆனால் எனக்கு என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான்.

எண்பத்தைந்தாம் ஆண்டு, தவக்காலம். அப்போது கடல் எங்கள் கடலாக இல்லை. எந்த நேரம் போகலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பதெல்லாம் நாளுக்கு நாள் மாறியது. விடிந்ததும் குருநகர்க் கரையில் ஆண்கள் கூடி நின்று கடற்படையின் எஞ்சின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்போம். கேட்காவிட்டால்தான் இன்னும் பயம், ஏனென்றால் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாது. அதற்கு முந்திய வாரம் பக்கத்துக் கோயில் பங்கில் ஒருவரை ரோந்துப் படகில் ஏற்றி முழங்காலில் நிறுத்தி, வள்ளத்தில் கிடந்த மீன்வெட்டும் கத்தியைக் காட்டிக் காட்டி அடித்தார்களாம். அந்த மனிதர் வீட்டுக்கு வந்து மூன்று நாள் வாய் திறக்கவில்லையாம். கதை கேட்ட அன்றே நாங்கள் எல்லோரும் பெரிய கத்திகளை வீட்டில் வைத்துவிட்டோம். நான் வில்லுக்கத்தியை மட்டும் வைக்கவில்லை. அன்று காலை உன் அம்மா வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்று, அதையும் வைத்துவிட்டுப் போகச் சொன்னாள். விரல் நீளக் கத்தியைக் கண்டு யார் பயப்படப் போகிறார்கள் என்று கேட்டு நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

சூசைக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அம்மாவின் ஒரே தம்பி. என்னோடு தொழிலுக்கு வரத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. நீ இப்போது காண்கிற சூசை மாமா மெதுவாகப் பேசுகிறவர், ஒரு பக்கம் தலை சாய்த்துக் கேட்கிறவர். அன்றைய சூசை அப்படி இல்லை. வள்ளம் தள்ளத் தடியூன்றும்போது பாடுவான், கரையில் நிற்கிற பெண்களை எல்லாம் மச்சாள் என்று கூப்பிட்டு ஏச்சு வாங்குவான். நாங்கள் இருவரும் முதல்நாள் பின்னேரம் போட்ட வலையை எடுக்கச் சின்ன வள்ளத்தில் போனோம். பரவைக்கடல் நெஞ்சளவு ஆழந்தான். ஓராவும் ஒட்டியுமாக மீன் கொஞ்சம் பட்டிருந்தது. வலையின் கடைசித் துண்டு தண்ணீருக்குள் நின்ற முறிந்த கட்டை ஒன்றில் சுற்றிக்கொண்டது. சூசை இறங்கி நின்று அவிழ்க்கத் தொடங்கினான். நான் வள்ளத்தில் இருந்து, கத்தியைத் திறந்து, கிழிந்த பக்கத்தின் முடிச்சுகளை அறுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் அது காதில் விழவில்லை, வள்ளத்தின் பலகையால் என் தொடைக்கு வந்தது. தலை நிமிர்த்திப் பார்த்தேன். தீவுப் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் படகு. நேராக எங்களை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்று தெரியவில்லை. பிறகு அதன் மூக்கு திரும்பியது. அந்தக் கணத்தில் எனக்கு உன்னைப் பற்றி நினைப்பு வந்தது, அம்மாவைப் பற்றி வந்தது என்று சொன்னால் அது அழகாக இருக்கும். வரவில்லை. முழங்காலில் நின்ற அந்த மனிதர் மட்டும் நினைப்பில் வந்தார். என் கையில் திறந்த கத்தி. வெயிலில் அது மின்னியிருக்கும், அவர்கள் கண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். படகுக்கு மறுபக்கமாக, வள்ளத்தின் விளிம்புக்குக் கீழே கையை இறக்கி, விரல்களை விட்டேன். துளிச் சத்தம் வரவில்லை. பரிசாக வாங்கிய கத்தியை நானே கடலில் போட்டேன், மகனே. அது விழவில்லை.

சூசை அதைக் காணவில்லை. அவனும் படகைக் கண்டுவிட்டான். கட்டையில் சிக்கிய துண்டை விட்டுவிட்டுப் போய்விட வேண்டும் என்பது அவனுடைய யோசனை. அது சரியான யோசனை. கையை என் பக்கம் நீட்டினான்.

"அத்தான், கத்தியைத் தாங்கோ. அறுத்துவிட்டிட்டுப் போவம்."

நான் என் வெறுங்கையைப் பார்த்தேன். "கத்தி விழுந்திட்டுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று முப்பது வருடமாக என்னையே கேட்கிறேன். பயத்தில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவன் ஏளனம் செய்து சிரித்திருப்பான், வலையைக் கையால் கிழித்துவிட்டு ஏறியிருப்பான். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் வெட்கப்பட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவன், என் மனைவியின் தம்பி, அவன் முன்னால் கோழையாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

அவன் முகம் மாறியது. "ஐயோ, அக்கா தந்த கத்தியெல்லே. எவடத்திலை விழுந்தது?" என்று கேட்டான். நான் கையால் இடத்தைக் காட்டினேன். ஓம், காட்டினேன். படகு இன்னும் தூரத்தில்தான், நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவன் மூச்சைப் பிடித்து உள்ளே போனான். விடு, ஏறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.  சேற்றைக் கைகளில் அள்ளிக்கொண்டு மேலே வந்தான், விரல்களால் கிளறிப் பார்த்தான், திரும்பவும் போனான். மூன்றாம் முறை அவன் அடியில் இருந்தபோது எஞ்சின் சத்தம் நின்றது. படகு எங்களுக்கு நாலு பாகத் தூரத்தில் நின்றது. அலை வந்து வள்ளத்தை ஆட்டியது. துவக்குக் குழல்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்திருந்தன, என்னை அல்ல.

அவர்கள் கண்டது என்ன என்று யோசித்துப் பார். தங்கள் படகைக் கண்டதும் ஒருவன் தண்ணீருக்கு அடியில் போகிறான், வருகிறான், போகிறான். எதையோ புதைக்கிறான் என்றுதான் எவனும் நினைப்பான். சூசை மேலே வந்து கண்ணைத் துடைத்துப் பார்த்தான். இரண்டு கைகளையும் தூக்கினான். சேறு அவன் முழங்கையால் வடிந்தது. சீருடைக்காரரில் ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். தண்ணீரில் என்ன போட்டாய் என்று கேட்டார். சூசை மறைக்கவில்லை. மறைக்க அவனிடம் என்ன இருந்தது?

"கத்தி, ஐயா. சின்னக் கத்தி. அத்தான்ரை கத்தி விழுந்திட்டுது, அதைத்தான் தேடினன்."

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். நல்ல இளவயது. என்னைவிட அவர் பயந்திருந்தார் என்று பிற்காலத்தில் எனக்குத் தோன்றியது உண்டு, அன்று தோன்றவில்லை. "உன்னுடைய கத்தியா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

என்னிடம் கத்தி இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று இன்னும் இரண்டு தரம் கேட்காமலே சொன்னேன். சூசை என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் சொன்னது அவனுக்கு விளங்கவில்லை, அவ்வளவுதான். ஒரு கணக்கைப் பிழையாகச் செய்த பிள்ளையைப் போல நெற்றியைச் சுருக்கினான். பிறகு அவனைச் சட்டையில் பிடித்து மேலே இழுத்தார்கள். என்னைப் போகச் சொல்லிக் கையால் விரட்டினார்கள். நான் தடியூன்றினேன். வலையையும் விட்டேன், அவனையும் விட்டேன். கரை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா கரையில் நின்றாள். யாரோ படகைக் கண்டு சொல்லியிருக்கிறார்கள். வள்ளத்தில் ஒரு ஆள்தான் என்பதைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள். தண்ணீருக்குள் இடுப்பளவு இறங்கி வந்து வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவன் எங்கே என்று கேட்டாள். அவன் தண்ணீருக்குள் இறங்கி நின்றான், பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். பொய் ஒன்றும் இல்லைத்தானே, ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். ஒரு கிழமை கழித்துக் கத்தி எங்கே என்று கேட்டாள். விழுந்துவிட்டது என்றேன். "போகட்டும், மனுசர் மிஞ்சினால் காணும்" என்று சொல்லிவிட்டுச் செபமாலையை எடுத்தாள்.

இதுவரை சொன்னது கண்மூடித் திறக்கிற நேரத்துப் பயம். அதற்காக ஆண்டவர் என்னை மன்னிப்பார் என்று ஒரு காலம் நம்பினேன். இனிச் சொல்லப்போவது அப்படியானது அல்ல.

சூசையைத் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று தகவல் வர ஒன்றரை மாதம் ஆனது. வயிற்றோடு அம்மாவும் அப்போதைய பங்குச் சுவாமியும் எத்தனை வாசல் ஏறினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் போகவில்லை. கடைசியில் சுவாமி என்னைத் தனியாகத் தன் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். சூசை விசாரணையில் ஒரே கதையைத்தான் சொல்கிறானாம், அத்தானுடைய கத்தி விழுந்தது, தேடினேன் என்று. அத்தானே கத்தி இல்லை என்று சொன்னதால் அது பொய் என்று வைத்திருக்கிறார்களாம். நீ ஒரு கடிதம் தா, கத்தி என்னுடையது, பயத்தில் மாறிச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வை, நான் மேலிடத்தில் கொடுக்கிறேன், விடுவதற்கு வழி உண்டு என்றார். மேசையில் தாளும் இருந்தது, பேனையும் இருந்தது. நாளைக்கு வாறன் சுவாமி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று நாள் யோசித்தேன். கையெழுத்து வைத்தால் என் பெயரும் விலாசமும் அவர்கள் கையில் போகும். அன்று ஏன் பொய் சொன்னாய் என்று என்னையும் கூட்டிப்போவார்கள். நடுச்சாமத்தில் வந்து கதவைத் தட்டுவார்கள். பெறுமாதக்காரியை விட்டுவிட்டு எப்படிப் போவது? பார், எவ்வளவு நல்ல காரணங்கள். ஒவ்வொன்றும் உண்மையாகவும் இருந்திருக்கலாம். நாலாம் நாள் எனக்குக் காய்ச்சல் என்று ஆள் அனுப்பினேன். அடுத்த கிழமையும் அனுப்பினேன். அம்மா கேட்டபோது, இப்போது வேண்டாம், பிறகு பார்ப்போம் என்று சுவாமி சொன்னதாகச் சொன்னேன். நீ பிறந்து இரண்டு கிழமையில் அவருக்கு வேறு பங்குக்கு மாற்றம் வந்தது. போகும்போது உனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுத்தான் போனார். உன் தலையில் தண்ணீர் ஊற்றியவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பெரிய வெள்ளிக்கிழமைகளில் ஆண்டவரின் பாடுகள் வாசிக்கும்போது, இராயப்பர் அவரைத் தெரியாது என்று மறுதலிக்கிற இடம் வர முதல் நான் கோயிலை விட்டு வெளியே போவேன். சுருட்டுப் பற்றப் போகிறேன் என்று நீ சின்னனில் அம்மாவிடம் கோள் சொன்னாய். நான் மதில் பக்கம் நின்று வாசிப்பு முடிகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

இதனால்தான் சொல்கிறேன், உடம்பு நடுங்குகிற பயத்தைப் பற்றி வெட்கப்படாதே. அது மழைபோல வரும், போகும். அமர்ந்து யோசித்து, காரணங்களை அடுக்கித் தருகிற பயம் ஒன்று இருக்கிறது. அது உன்னை விவேகி என்று புகழும், குடும்பஸ்தன் என்று புகழும். அதன் சொல்லைக் கேட்டு நீ ஒரு தாளில் கையெழுத்து வைக்காமல் விட்டால், உன் வீட்டில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எனக்கு நடந்தது அதுதான்.

எண்பத்தேழில் சமாதான ஒப்பந்தம் வந்து, பிடித்தவர்களை விட்டபோது சூசையும் வந்தான். இரண்டு வருடத்துக்கு மேல். வாசலில் நின்ற ஆளை உனக்கு யார் என்று தெரியாது, எனக்கும் முதலில் தெரியவில்லை. ஒரு காது கேட்காமல் போயிருந்தது. யாராவது பின்னால் வந்தால் சுவரோடு ஒட்டுவான். பாட்டு என்பது வீட்டில் இல்லை. இரண்டாம் நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்துக் கேட்டான், "அத்தான், அந்தக் கத்தி பிறகு கிடைச்சதோ?" இல்லை என்றேன். சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "நான் தேடாமல் விட்டிருக்கவேணும். நீங்களும் எவ்வளவு பயந்திருப்பியள். என்னாலைதான் உங்களுக்கும் கரைச்சல்."

கத்தி என்னுடையது இல்லை என்று நான் சொன்னதற்கு அவன் தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தான், அம்மா குசினிக்குள் போனதும் என்னிடம் சொன்னான். இரண்டு பேரும் அகப்பட்டால் அக்காவைப் பார்க்க ஆள் இல்லை, அதற்காகத்தான் அத்தான் அப்படிச் சொன்னார் என்று. முகாமில் இருந்த காலமெல்லாம் அதைச் சொல்லித்தான் அவன் தன்னைத் தேற்றியிருக்கிறான். நான் அதையும் மறுக்கவில்லை. அடுத்த வருடம் வெளிநாடு போனான். பிறகு உன்னை அங்கே அழைத்து எடுத்ததும், படிப்பித்ததும், வேலைக்கு வழி காட்டியதும் அவன்தான். நீ எழுதியிருக்கிறாய், மாமா எனக்கு இன்னொரு அப்பா என்று. அந்த வரியை வைத்துக்கொள்.

உன் அம்மாவுக்கு எப்போது சொன்னேன் என்றால், தொண்ணூற்றைந்தில். சண்டை நெருங்கி வர ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்குப் போய், பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் நாலு குடும்பமாகக் கிடந்தோம், உனக்கு நினைவிருக்கும், பத்து வயது. ஒரு காலை அம்மா கரும்பலகைக்குக் கீழே இருந்து சூசைக்குக் கடிதம் எழுதினாள், நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று. எழுதிவிட்டு, நீங்களும் இரண்டு வரி எழுதுங்கோ என்று தாளை என்னிடம் நீட்டினாள். அவள் எழுதியதை வாசித்தேன். அத்தான் உன் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் செபம் முடிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். தாளை மடித்துக் கீழே வைத்தேன். வெளியே விறாந்தைக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைப் போட்டது, மறுத்தது, சுவாமியின் தாள். ஷெல் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதற்கு நான் பயப்படவில்லை, அவள் முகத்துக்குத்தான் பயந்தேன்.

அவள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் இருந்த மற்ற வகுப்பறைக்குப் போனாள். அம்மா ஏன் அங்கே படுக்கிறா என்று நீ என்னைக் கேட்டாய், காற்றோட்டம் என்றேன். நாலாம் நாள் கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"நான் இருக்கும்வரைக்கும் அவனுக்குச் சொல்லாதேங்கோ. அவன் எனக்குத் தம்பி, நீங்கள் எனக்கு மனுசன். ரண்டையும் ஒரே நாளிலை இழக்க என்னாலை ஏலாது."

அவளும் பயந்தாள். பயத்தை மறைக்காமல் சொன்னாள், அதுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு அவள் என்னோடு இருபது வருடம் இருந்தாள், எனக்குச் சமைத்தாள், என் சத்திர சிகிச்சைக்கு ஆசுபத்திரி வாங்குப் பலகையில் ஒன்பது நாள் இருந்தாள். ஆனால் என்னைப் பார்க்கும்போது அவள் கண்ணில் முன்பு இருந்த ஒன்று இல்லை. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. இருந்த காலத்தில் நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. நீ கலியாணம் செய்யப்போகிற பிள்ளையின் கண்ணில் அது இப்போது இருக்கும். நீ பயந்த நாளில், பயந்தேன் என்று அன்றைக்கே அவளிடம் சொல்லு. மறுநாள் சொன்னால் அது வேறு விசயம் ஆகிவிடும்.

போன மார்கழியோடு அம்மா போய் ஒரு வருடம். அவளுக்குக் கொடுத்த வாக்கு முடிந்தது. நீ அனுப்பியதைக் கேட்ட அன்றைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சூசைக்குத் தொலைபேசி எடுத்தேன். உன்னிடம் சொல்லுமுன் அவனிடம் சொல்லவேண்டும் என்பதால். கலியாண விசயம் என்று நினைத்துச் சந்தோசமாகத் தொடங்கினான், கோட்டு தைத்த கதை சொன்னான். நான் இடையில் நிறுத்தி, எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். வாசித்தால்தான் மாறிச் சொல்லமாட்டேன். வாசித்து முடித்தேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கூப்பிட்டேன். இருக்கிறேன் என்றான். பிறகு ஒன்று மட்டும் கேட்டான்.

"கையெழுத்து வைச்சிருந்தால் விட்டிருப்பாங்களோ?"

"தெரியாது, சூசை. சுவாமி அப்பிடித்தான் சொன்னவர்."

 நான் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் பதில் சொல்லவேண்டி வரும், அதை அவனிடமிருந்து பிடுங்க எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். கடைசியில், "பொடியன்ரை கலியாணம் முடியட்டும் அத்தான். திங்கட்கிழமை நான் எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டான். அத்தான் என்று சொன்னான். அது பழக்கத்தில் வந்ததோ, வேறெதுவோ, எனக்குத் தெரியாது. அதை இரவு பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, மகனே, சனிக்கிழமை மாமா உன் பக்கத்தில் நடந்து வரும்போது அவர் மனதில் என்ன இருக்கிறது என்பது உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்காக அவரிடம் ஒன்றும் கேட்காதே. அப்பாவை மன்னியுங்கோ என்று சொல்லிவிடாதே, அவர் உனக்காகச் சம்மதித்துவிடுவார், அது அவருக்கு நான் செய்கிற நாலாவது அநியாயமாகும். அவர் பேசாமல் இருந்தால் நீயும் பேசாமல் இரு. கேட்காத காதின் பக்கம் நிற்காதே, மற்றப் பக்கம் நில். இந்தக் கடிதத்தைப் படித்தபின் உனக்கு என் மேல் வெறுப்பு வந்தால், அதையும் கலியாணத்துக்காக விழுங்கிக்கொள்ளாதே. வந்தது வந்ததுதான்.

எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது. அவன் என்ன சொல்லுவான் என்று பயம், ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவானோ என்று அதைவிடப் பயம். அங்கே திங்கள் விடியும்போது இங்கே பின்னேரமாகும். அன்றைக்கு நான் கோயிலுக்கும் போகமாட்டேன், கரைக்கும் போகமாட்டேன். கதிரையைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டு இருப்பேன். அடித்தால் எடுப்பேன்.

அப்பா